இருபது வயதுக்குள் வந்துவிட வேண்டுமாம்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தோழி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எனக்கு 32 ஆகுது தோழர். இனிமே வக்கீலுக்குப் படிக்க விடுவாங்களா?"

அவரை எங்களுக்கு ஆறேழு வருடங்களாகத் தெரியும். பத்தாவது முடித்ததும் கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும் என்று சொல்லி நூற்பாலைக்கு அனுப்பப்பட்ட பெண். மூன்று வருடம் விடுதி, ஷிப்ட், பஞ்சுத் தூசி. திரும்பி வந்து தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதினார். பிறகு வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பி.ஏ. முடிக்கும்போது வயது 26. இதற்கிடையில் அவருடைய சித்தப்பாவை ஊர்ப் பொதுப்பாதையில் வைத்து அடித்த வழக்கில் அவர் சாட்சி. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு விடுபட்டது, முதல் கட்டத் தீருதவித் தொகைக்கான கோப்பு கலெக்டர் ஆபீசில் எந்த மேசையில் தூங்கியது என்பதையெல்லாம் அலைந்து அலைந்தே கற்றவர். அவரைக் கேட்டுத்தான் எங்களில் சிலர் மனு எழுதக் கற்றுக்கொண்டோம்.

கல்லூரி ஒன்றில் விவரம் கேட்கப் போன இடத்தில், "இந்த வயசுல எதுக்கும்மா? பிள்ளையப் படிக்க வைக்க வேண்டியதுதானே" என்றிருக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

"எந்த வயசு வரைக்கும்?" என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பலருக்கு அது தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

புரட்சியாளர் அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் படிக்கச் சேர்ந்தது 1916 நவம்பரில். வயது 25. பாரிஸ்டர் ஆனது 1922 ஜூனில், 31 வயதில். மூன்று ஆண்டுகளில் முடிக்கக்கூடிய படிப்பு அது. பிறகு ஏன் ஆறு ஆண்டுகள் ஆயின? 1917-இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலையில் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அந்த அதிகாரிக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். பம்பாய்க்குத் திரும்பி, சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, நண்பர் நவல் பாதேனாவிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் பெற்று, 1920-இல்தான் மறுபடி கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 29.

நம் மேடைகளில் இதை அவருடைய விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1917-க்கும் 1920-க்கும் இடையில் போன ஆண்டுகளை அவர் தூங்கித் தொலைக்கவில்லை. உதவித்தொகை நின்றதும், தங்க இடம் இல்லாததும், வேலை பார்த்துப் பணம் சேர்க்க வேண்டியிருந்ததும் தின்ற ஆண்டுகள் அவை. அத்தனை அறிவாளிக்கு, இரண்டு மன்னர்களின் ஆதரவு இருந்தும், இந்தத் தாமதம். ஆதரவு எதுவும் இல்லாத நூற்பாலைத் தொழிலாளிக்கு எத்தனை ஆண்டு தாமதத்தை நியாயம் என்று ஒத்துக்கொள்வீர்கள்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கார்னிலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதியவர். பெண் என்பதால் நீதிமன்றத்தில் வாதாட அனுமதியில்லை. பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் இந்தியாவில் வந்தது 1923-இல். அப்போது அவருக்கு 56 வயது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஆதரவான அவருடைய அரசியல் நமக்கு உவப்பானதல்ல, அது வேறு விஷயம். கதவை முப்பது ஆண்டுகள் சாத்தி வைத்திருந்தது யார் என்று மட்டும் பாருங்கள். சாத்தியவர்களே பிறகு "நீ ஏன் தாமதமாக வந்தாய்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அப்படிக் கேட்கத்தான் கேட்டார்கள். 1961-இல் நாடாளுமன்றம் இயற்றிய வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பதிவு செய்ய 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. மேல் வரம்பு என்று ஒன்றை அது சொல்லவே இல்லை. ஆனால் 1993-இல் இந்திய பார் கவுன்சில் தானாக ஒரு விதியைக் கொண்டுவந்தது: 45 வயது நிறைந்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் பழைய செல்வாக்கோடு தொழிலுக்குள் வந்துவிடுகிறார்கள், அதைத் தடுக்கத்தான் என்றார்கள்.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, பதிவுக்கு முன்பே ஒரு வகையினரை மொத்தமாக வெளியே நிறுத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இல்லை. இரண்டாவது இன்னும் கூர்மையானது. இளம் வயதிலேயே பதிவு செய்துவிட்டு, பிறகு வேறு வேலைக்குப் போய், 45-ஐத் தாண்டிய பின் திரும்பி வருபவரை இந்த விதி தடுக்காது. முதன்முறையாக வருபவரை மட்டும் தடுக்கும். அதே வயது, அதே அனுபவமின்மை, ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குச் சுவர். இது தன்னிச்சையானது, சமத்துவத்துக்கு எதிரானது என்றது நீதிமன்றம்.

சாதியைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. நாம் பேசலாம். 22 வயதில் பட்டம் வாங்கிப் பதிவும் செய்து வைத்துக்கொண்டு, "எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்" என்று வேறு வேலைக்குப் போகக்கூடிய குடும்பங்கள் எவை? நம் தெருவில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது?

வயது விதிகள் வளையாதவை என்று நினைத்துவிடாதீர்கள். ராம் ஜெத்மலானி 17 வயதில் சட்டப் பட்டம் பெற்று 18 வயதில் வழக்கறிஞர் ஆனவர். அப்போது குறைந்தபட்ச வயது 21. அவருக்காகத் தனியாகத் தீர்மானம் போட்டு விதியைத் தளர்த்தினார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் வாதாடினார், வெளியேறும் வயது என்று இந்தத் தொழிலில் எதுவும் இல்லை. அவருடைய திறமையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. முன்கூட்டியே வந்தவருக்கு வளைந்த விதி, தாமதமாக வந்தவருக்கு ஏன் விறைத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

1995-இல் நீதிமன்ற வாசலில் இடிக்கப்பட்ட சுவர் 2008-இல் கல்லூரி வாசலில் எழுந்தது. சட்டக் கல்வி விதிகள் 2008, மூன்றாம் அட்டவணை, 28-ஆவது கூறு. பிளஸ் டூ முடித்துச் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கு அதிகபட்ச வயது பொதுப்பிரிவினருக்கு 20, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 22. பட்டம் முடித்துச் சேரும் மூன்றாண்டுப் படிப்புக்கு 30. நம்மவர்களுக்கு இன்னும் ஐந்து ஆண்டு சலுகை தரும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. கவனியுங்கள்: உரிமை பல்கலைக்கழகத்துக்கு, மாணவருக்கு இல்லை. தர மனமிருந்தால் தரலாம். ஐந்தாண்டுப் படிப்புக்கான வரம்புக்குக் காரணமாக அந்தக் கூறு சொல்வது, இத்தொழிலுக்கு உயர்ந்த ஈடுபாடு தேவை என்பது. ஈடுபாட்டைப் பிறந்த தேதியை வைத்து அளக்கலாம் என்று கண்டுபிடித்த நிபுணர்கள் யாரோ!

அந்த இரண்டு ஆண்டுச் சலுகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தடையே இல்லாமல் படித்தால் 17, 18 வயதில் பிளஸ் டூ முடியும். 22 என்றால் நமக்கு நான்கு ஆண்டு இடைவெளி அனுமதி. எங்கள் தோழியின் கணக்கைப் போட்டால், ஆலையில் மூன்று வருடம், திரும்பி வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு தனித்தேர்வுக்குப் பணம் கட்டிப் படிக்க இரண்டு வருடம். வரம்பு முடிந்துவிட்டது. ஒரு பாடத்தில் தவறினால், அப்பா படுத்த படுக்கையானால், அக்கா கல்யாணக் கடனுக்காகக் கட்டட வேலைக்குப் போனால், குழந்தை பிறந்தால், எல்லாம் வரம்புக்கு வெளியே. நம் வாழ்க்கையில் தாமதம் இருக்கிறது என்பதைச் சலுகை ஒத்துக்கொள்கிறது. ஆனால் தாமதம் இரண்டு ஆண்டுதான் என்று யாரைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள்? ஒருவர் எந்த வயதில் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சாதியும் கூலியும் சேர்ந்து முடிவு செய்கிற நாட்டில், எல்லோருக்கும் பொதுவான "சரியான வயது" என்பது ஆதிக்கச் சாதி வீட்டுப் பையனின் வயதுதான்.

பிறகு நடந்தது ஒரு கூத்து. 2013-இல் பார் கவுன்சிலே அந்தக் கூறைத் திரும்பப் பெற்றது. 2015-இல், திரும்பப் பெற்ற முறை சரியில்லை என்று மதுரைக் கிளையில் தீர்ப்பு வந்தது. 2016 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டு வரம்பை மறுபடி உயிர்ப்பித்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் கதவு சாத்தி, திறந்து, சாத்தி, திறந்தது. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது ஒரு வழக்கு எண். சேர்க்கை அறிவிப்பை நம்பிக் கையில் இருந்த வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசித்தவர்களுக்கு அது அப்படி இல்லை.

நம் ஊரில் அந்த 2008 வேறொன்றுக்காகவும் நினைவில் இருக்கிறது. நவம்பர் 12. சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை நீக்கியதில் தொடங்கிய மோதல், போலீஸ் வேடிக்கை பார்க்க நடந்த அடிதடி. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட அந்தக் காட்சிகளுக்குப் பிறகு சட்டக் கல்லூரி மாணவர் என்றாலே ரவுடி, அதிலும் வயதில் மூத்த மாணவர் என்றால் சந்தேகமே வேண்டாம் என்கிற பேச்சு எங்கும் கேட்டது. விசாரணை ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018-இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போனது. உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பாரிமுனை பஸ்ஸிலும் கடற்கரை ரயிலிலும் வந்து இறங்கக்கூடிய இடத்தில் இருந்த கல்லூரி. பகுதிநேர வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மாலையில் ஒரு சீனியரின் அலுவலகத்தில் உட்கார்ந்து தொழிலையும் பழக முடிந்த இடம். ஊருக்கு வெளியே போனதில் அதிகம் இழந்தவர் யார் என்று சொல்ல ஆணையம் தேவையில்லை.

இனி நமக்குள் நடக்கும் சண்டைக்கு வருவோம். வயது வரம்பு வேண்டும் என்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்வது இது: அரசு சட்டக் கல்லூரிகளில்தான் கட்டணம் குறைவு, அங்கே பட்டியல் சாதிக்கான இடங்கள் கொஞ்சம். ஓய்வூதியம் வாங்கும் அதிகாரி ஒருவர், பொழுதுபோக்காகவோ சொந்த நில வழக்குக்காகவோ, அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால், கிராமத்திலிருந்து வரும் 21 வயதுப் பிள்ளை எங்கே போவது?

இது நிஜமான கவலை. எங்கள் வட்டத்திலேயே இரவு பதினொன்று வரை இதைப் பற்றிக் கத்தினோம். கடைசியில் நாங்கள் வந்து நின்ற இடத்தைச் சொல்கிறோம், நீங்கள் மறுக்கலாம். அறுபது வயதுக்காரரைத் தடுக்க இருபத்திரண்டில் கோடு கிழிப்பது 1993-இல் செய்த அதே தவறு. ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பெயரைச் சொல்லி 45-ஐத் தாண்டிய எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். இங்கே ஓய்வூதியக்காரரின் பெயரைச் சொல்லி 23 வயது ஆலைத் தொழிலாளியைத் தள்ளுகிறார்கள். பிரச்சினை இடங்களின் எண்ணிக்கை என்றால் கேட்க வேண்டியது கூடுதல் இடம். ஏற்கெனவே ஒரு தொழிலில் ஓய்வூதியம் பெறுபவருக்குத் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அவர்களும் படிக்கட்டும். 2020-இல் 77 வயதுப் பெண் ஒருவர் சட்டம் படிக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போனார். கணவர் இறந்தபின் சொத்து விவகாரங்களைத் தனியாகப் பார்க்க நேர்ந்ததில் வந்த ஆசை. அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்களை எங்களுக்குத் தெரியும். பட்டா மாறுதலுக்காக அலைந்த எந்தக் கிழவியும் சிரித்திருக்க மாட்டாள்.

வயது வரம்புக்கு அம்பேத்கரின் பதில் என்னவாக இருந்திருக்கும்? அவர் வாயில் நம் சொற்களைத் திணிக்க வேண்டாம். அவர் செய்ததைப் பார்ப்போம். 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானவர் அவர். 1946-இல் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை நேரத்தில் வகுப்புகளை வைத்தார். அதே கழகத்தின் சட்டக் கல்லூரி 1956-இல் வந்தது. மாணவனின் வயதைத் திருத்தச் சொல்லாமல் கல்லூரியின் கடிகாரத்தைத் திருத்தினார்.

இன்று அந்தக் கடிகாரம் நேர் எதிராகச் சுற்றுகிறது. மாலை நேரச் சட்ட வகுப்புகள் இந்தியாவில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. பஞ்சாப் பல்கலைக்கழகம் மாலை வகுப்பை அரசு ஊழியர் போன்றோருக்கு மட்டும் ஒதுக்கியதை எதிர்த்துத் தனியார் நிறுவன ஊழியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-இல் வென்றார். ஆனால் 2008 விதிகள் வகுப்புகளைக் காலை 8 முதல் மாலை 7 மணிக்குள் அடைத்துவிட்டன. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, 70 சதவீத வருகைப்பதிவு. கல்வித்தரம் முக்கியம்தான், வருகையே இல்லாமல் பட்டம் விற்ற கல்லூரிகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் கூலி வேலையோடு இந்த நேரத்தைப் பொருத்துவது எப்படி என்று ஒரு குழுவாவது யோசித்திருக்க வேண்டாமா? வயது வரம்புக்குத் தடை வந்துவிட்டது என்று நாம் ஓய்ந்துவிட்டால், எண்ணை அழித்துவிட்டு அதே ஆளை வெளியே நிறுத்த இது போதும்.

பணமும் அப்படித்தான். பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் இருப்பது பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் வசூலித்ததோ பல ஆயிரங்கள், ஒடிசாவில் 42,100 ரூபாய். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு விளிம்புநிலையினரை இந்தக் கட்டணங்கள் எப்படி வெளியே தள்ளுகின்றன என்பதை வெளிப்படையாகவே பேசியது. இளம் தோழர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும். வயது வழக்குகளில் யாரும் பேசாமல் விட்ட மொழி அதில் இருக்கிறது.

இவ்வளவும் எதற்காக? ஆளுக்கொரு கறுப்புக் கோட்டு வேண்டும் என்பதற்காக இல்லை. 1997-இல் மேலவளவில் முருகேசனும் மற்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை உச்ச நீதிமன்றத்தில் உறுதியாக 2009 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் நிற்கிற வழக்கறிஞர்கள் நமக்கு வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5) பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழக்கறிஞரை நியமிக்க வழி வைத்திருக்கிறது. "யாரைப் போடலாம், சொல்லுங்க" என்று அதிகாரி கேட்கும்போது ஒரு மாவட்டம் முழுக்கத் தேடி இரண்டு பெயரைத் தாண்ட முடியாமல் நாங்கள் விழித்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயராக வரக்கூடியவர்கள் பலர் இப்போது முப்பதுகளில் இருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள், ஊர்க்கட்டுப்பாட்டை எதிர்த்ததால் படிப்பை விட்டவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மனு எழுதுகிறவர்கள்.

தோழியிடம் இதையெல்லாம் சொன்னோம். 2016-இல் விண்ணப்பித்து 30 வயதைத் தாண்டியிருந்தால் பல்கலைக்கழகத்தின் தயவில் நின்றிருப்பீர்கள், இப்போது உச்ச நீதிமன்றத்தின் தடை இருக்கிறது, சேர்க்கை அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள் என்றோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வயசு சரி தோழர். காலேஜ் எத்தனை மணிக்கு விடும்? ஏழரைக்கு எனக்கு ஷிப்ட்" என்றார்.